என் பேச்சைக் கேட்காத அனைவருக்கும் நன்றி

காசிமேட்டு உறவுகளுக்கு வணக்கம்.

மூன்றரை மாதத்துக்குப் பிறகு எங்கள் அம்மா, ஒற்றைக் கைத்தடியோடு மீன் மார்க்கெட்டுக்குப் போய் வந்துவிட்டார். வழியில் எத்தனையோ பேர் நலம் விசாரித்தீர்களாம். ஒவ்வொருவராகத் தேடி வந்து நன்றி சொல்ல முடியாததால் இந்த மடல்.

உண்மையைச் சொன்னால், அன்று நான் சொன்னபடி நடந்திருந்தால் அம்மா இன்னும் கட்டிலில்தான் கிடப்பார்.

விடியற்காலையில் அன்னக்கூடையோடு இறங்கியவர் ஈரப்படியில் வழுக்கி விழுந்தார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தப் போனேன். கீழ்வீட்டு அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு, "முதலில் காலைப் பார்" என்றார். வலது கால் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடுப்பு மூட்டருகே முறிந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 108 வரும் வரை காலின் இரு பக்கமும் தலையணை வைத்து அசையவிடாமல் காத்தார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து ஸ்டான்லி மருத்துவமனையில் கொண்டு சேர்த்த ஓட்டுநர் தம்பிக்கும் நன்றி.

எக்ஸ்ரே பார்த்ததும் அறுவை சிகிச்சை என்றார்கள். நான் கட்டு வைத்தியத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று நின்றேன். சித்தப்பாவின் முன்கை அப்படித்தான் கூடியது. அந்த இளம் மருத்துவர் கோபப்படவில்லை. "வீட்டில் ஆட்டுக்கல் உண்டா?" என்று கேட்டார். தொடை எலும்பின் தலைதான் குழவி, இடுப்புக் குழிதான் கல். குழவியைத் தாங்கும் கழுத்து உடைந்திருக்கிறது. அது மூட்டுக்குள் ஆழத்தில் இருப்பதால் வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பிடிப்புக் கிடைக்காது. தலைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் போகிறது. முறிந்து விலகினால் ரத்தம் நின்று தலை செத்துப்போகலாம். ஆகவே 68 வயதில் அதை ஒட்டவைத்துக் காத்திருப்பதைவிட, எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்துவதே நல்லது என்றார். இவ்வளவையும், பின்னால் அத்தனை பேர் காத்திருக்கும்போது நின்று சொன்னார். ரத்தம் கொடுக்க வந்த விசைப்படகுத் தம்பிகள் நால்வரையும் மறக்க மாட்டேன்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி இப்போதும் உறுத்துகிறது: "இதற்கு முன் எலும்பு முறிந்திருக்கிறதா?" இரண்டு வருடத்துக்கு முன் கை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்ததோடு மறந்துவிட்டோம். நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்திருக்க வேண்டுமாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலியும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பது என் மனைவி.

பெரிய சண்டை அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள்தான் நடந்தது. தையல் போட்ட ஈரம்கூடக் காயவில்லை, பிசியோதெரபி சகோதரி வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவை எழுப்பினார். நான் கத்திவிட்டேன். அவர் என்னை வார்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவை நான்கு அடி நடக்கவைத்தார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும் என்று பிறகுதான் விளக்கினார். சகோதரி, அன்று நான் பேசியதற்கு மன்னிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின் கட்டிலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்த தச்சர், கழிவறை நாற்காலியை இரவல் தந்த எதிர்வீட்டு ஆயா, இருக்கையில் தலையணை அடுக்கி உயர்த்தி அம்மாவை உட்காரவைத்து மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணன், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

எங்கள் மாடிப் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்பது படிக்கட்டுப் பாடம். அம்மா படியில் கால் வைத்ததும் நாலைந்து வாண்டுகள் அதையே பாட்டாகக் கத்துவார்கள். கால் மாற்றி வைத்தால் மறுபடி கீழே இறங்கச் சொல்வார்கள்.

மார்க்கெட் அக்காமார்கள் இத்தனை நாளும் அம்மாவின் இடத்தில் வேறு யாரையும் கூடை இறக்கவிடவில்லை. இனி அவர் தரையில் குந்தக் கூடாது என்று தெரிந்ததும், உயரமான ஸ்டூலும் பலகையும் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் வாங்க வருபவர்கள் கண்ணில் தன் வஞ்சிரம்தான் முதலில் படுகிறது என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. பக்கத்துக் கடை அக்காவும் இப்போது ஒரு ஸ்டூல் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

இப்படிக்கு,
மூத்த மகன்,
காசிமேடு