மூன்று பட்டியல் எழுதிய ஐயாவுக்கும் எங்களோடு நின்ற எல்லோருக்கும்

அன்பான பங்கு மக்களே, அயலவர்களே,

கோயிலுக்குக் கொடுத்தவர்களின் கணக்கைப் பற்றிய பிணக்கில் பிரிந்து நின்ற இரண்டு பக்கத்தாரும் ஞாயிறு திருப்பலியில் கைகொடுத்துச் சமாதான வாழ்த்துச் சொன்னதைக் கண்டவர்களுக்கு இந்த மடல் ஏன் என்று விளங்கும். நடந்ததை மறுபடி கிளற வேண்டாம். ஆனால் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் நன்றி, சங்கக்கடையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற எங்கள் ஐயாவுக்கு. ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. நிதிக்குழுவிடம் பற்றுச்சீட்டுக் கட்டை வாங்கிப்போய், வீடு வீடாக விசாரித்து, பிரிஸ்டல் போட்டில் மாக்கரால் மூன்று பட்டியல் எழுதிக் கோயில் வாசலில் தொங்கவிட்டார். காசு ஒன்று, பொருள் ஒன்று, உடலுழைப்பு ஒன்று. மூன்றிலும் எழுத்து ஒரே அளவு. பெயர்கள் அகர வரிசையில். தொகையின் வரிசையில் அல்ல. நெல்லுக்கு அவர் விலை போடவில்லை, மூடை என்றே எழுதினார். விலை போட்டால் அதுவும் இன்னொரு காசுப் பட்டியல் ஆகிவிடும். தண்ணீர் அள்ளியவருக்கு நேரே ‘அரை நாள்’ என்று எழுதியிருந்தது.

கோயில் கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். பற்றுச்சீட்டில் காசு மட்டும்தான் ஏறும். வெளிநாட்டுக் காசுக்குச் சுவரில் பெயர்க்கல்லும் பதிப்பார்கள். காலபோக அறுவடையில் நெல் கொண்டுவந்து இறக்கியவர், பந்தலுக்குக் கிடுகு பின்னியவர், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் விறகு ஏற்றியவர், விடியமுன் கிடாரம் கழுவிய அம்மாக்கள் எந்தக் கொப்பியிலும் இருக்கமாட்டார்கள். பெயர் இல்லாத இடத்தில் பேச்சுக்கும் இடமில்லை என்ற மனக்குறை அங்கேதான் முளைக்கிறது. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களிலும் இப்படி உழைப்பாகவே கொடுப்பவர்கள் பலர். காசுப் பட்டியலை மட்டும் வாசித்தால் அவர்கள் இந்தக் கோயிலுக்கு உரியவர்களாகவே தெரியாது.

ஐயா இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு பட்டியலின் கீழும் வெறுமையாக இடம் விட்டு, நூலில் ஒரு பென்சிலைக் கட்டிவைத்தார். விடுபட்ட பெயரை யாரும் எழுதலாம். தன் பெயரை மட்டும் எழுதக்கூடாது. இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரின் பெயரை எழுதத் தொடங்கிய பிறகுதான் எங்கள் கூட்டங்களில் குரல் தணிந்தது. அதை எந்தப் பிரசங்கமும் செய்திருக்காது.

திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் வரும் முணுமுணுப்பும் பங்கீட்டில் சில கைம்பெண்கள் விடுபட்டதால்தான் எழுந்தது. திருத்தூதர்கள் முறையிட்டவர்களின் வாயை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிவுசெய்யும்படி சீடர்களிடமே சொல்லி, தெரிவானவர்களிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களும் கிரேக்கமொழி பேசியவர்களே.

அயல் பங்கிலிருந்து வந்து இருபக்கமும் கேட்ட குருவானவருக்கும், மண்டபம் தந்த மெதடிஸ்த சபைப் போதகருக்கும், அம்மன் கோயில் நிர்வாகத்தினருக்கும், அருட்சகோதரிகளுக்கும், மூப்பருக்கும், தேநீர் ஊற்றிய இளையோருக்கும் எங்கள் நன்றி. வட்ஸ்அப் குழுவில் பதில் போடாமல் பொறுத்திருந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி நன்றி. மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன ஒழுங்கு முதலில் தனியே போய்ப் பேசுவது, பிறகு ஓரிருவரைக் கூட்டிப்போவது, அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல்வது. குழுவில் எழுதுகிறவர் மூன்றாம் படியில் தொடங்குகிறார். அதன்பின் முதற்படிக்கு இறங்கிவருவது மிகவும் கடினம்.

இனி நாங்கள் செய்யப்போவதையும் எழுதிவைக்கிறோம். உண்டியலுக்கு இரண்டு பூட்டு, திறப்புகள் இரண்டு பேரிடம். எண்ணுவது அன்றைக்கே, மூன்று பேர் முன்னால், மூவரின் கையொப்பத்தோடு. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 537 சொல்கிறது; கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்று 1287 சொல்கிறது. ஆகவே திருவிழாக் கொடியிறக்கம் முடிந்து வரும் ஞாயிறு மூன்று பட்டியலும் வாசலில் இருக்கும். சமையல் கொட்டிலிலும் பந்தலடியிலும் ஒவ்வொரு கொப்பி வைப்போம், ஏனென்றால் பொருளும் உழைப்பும் வந்த நேரத்திலேயே எழுதாவிட்டால் பிறகு ஞாபகத்தில் நிற்பதில்லை. எழுதும் முறையை இரண்டு இளையோருக்கு ஐயாவே பழக்கித் தருகிறார்.

நன்றியுடன்,
பங்கு மக்கள் சார்பில்
நிதிக்குழுவினர்