'இருந்தால்' என்ற சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெயர் கெட்டுப்போகும் நேரத்தில் கம்பெனிகள் விடும் அறிக்கைகளைப் பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். அதில் ஒரு சொல்லை விட்டுவிட்டீர்கள்: 'இருந்தால்'.

குடியாத்தத்தில் 22 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன ஆடியில் பக்கத்துத் தெரு ஆயா ஒருவர், பாயசத்துக்கு வாங்கிப்போன சேமியாவைக் கொண்டுவந்து கல்லா மேலேயே கொட்டினார். நாலைந்து வண்டு ஊர்ந்தன. பாக்கெட்டில் தேதி முடிய இன்னும் 4 மாதம் இருந்தது. சேல்ஸ்மேனுக்குப் போன் போட்டேன். "உங்க குடோன்ல ஈரம் இருக்கும்ணே" என்றார். எனக்கு ஏது குடோன்? பெட்டி வந்த அன்றே பிரித்து அடுக்குகிறவன் நான்.

வேறு ஊர்களிலும் இதே கதையாகி, வாட்ஸப்பில் படம் சுற்றிய பிறகுதான் கம்பெனி வாய் திறந்தது. "வாடிக்கையாளர்களுக்கு அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்." ஏற்பட்டிருந்தாலா? அந்த வண்டைப் பொறுக்கியதே என் கைதானே!

மேடையில் உளறிவிட்டு, மறுநாள் "பேச்சை வெட்டி ஒட்டிவிட்டார்கள்" என்று சாதித்து, அதுவும் எடுபடாமல் போனால் "யார் மனதாவது புண்பட்டிருந்தால்" என்று இறங்கிவரும் பிரமுகர்களும் இதே ரகம்தான்.

1982-இல் சிகாகோ பக்கம் டைலனால் என்ற வலி நிவாரணி காப்ஸ்யூல்களில் எவனோ சயனைடு கலந்து 7 பேர் செத்தார்கள். கலந்தது கம்பெனி இல்லை. ஆனாலும் அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் 'இருந்தால்' போடாமல் அமெரிக்கா முழுக்க 3 கோடி பாட்டில்களுக்கு மேல் திரும்ப வாங்கியது. யாராவது பிரித்தால் தெரிந்துவிடும் சீலோடுதான் மறுபடி கடைக்கு அனுப்பியது. அதே கம்பெனி பின்னாளில் தன் பவுடரால் புற்றுநோய் வந்தது என்று போட்ட வழக்குகளில் கோர்ட் கோர்ட்டாக ஏறியது வேறு கதை.

நம் நாட்டில் 2015-இல் மேகிக்குக் காரீயப் புகார் வந்தது. ஜூன் 5 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நவம்பரில் சரக்கு திரும்பியது. வழக்கு அதற்குப் பிறகும் கோர்ட்டில் நடந்தது. "இப்ப குடுக்கலாமா அண்ணே, பிள்ளைங்க கேக்குது" என்று தாய்மார்கள் வந்து நின்றதோ எங்களைப் போன்ற கடைக்காரர்களிடம். அறிக்கை எழுதுகிறவர் எவரும் ஒருநாளாவது கல்லாவில் உட்கார்ந்ததில்லை போலிருக்கிறது.

ஆயாவுக்குக் காசை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். வேறு கம்பெனி சேமியாவை நீட்டினேன். "வேணாம்பா, பாசிப்பருப்பு குடு" என்றார்.

என் பெயரைப் போட வேண்டாம். அந்த சேல்ஸ்மேன் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்