பத்துக்கு எத்தனை என்று கேட்டவர்களுக்கு நன்றி

சுகர், பிரஷர், மூட்டுவலி என்று ஆளுக்கொன்றைச் சுமந்து வந்த எங்களுக்கு, அவற்றை நாங்களே சமாளிக்க ஆறு வாரம் வகுப்பு எடுத்தீர்கள். குழுவில் எல்லோருடைய சார்பிலும் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்களிடம் அறிவுரைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லாத சொந்தக்காரர் உண்டா? இது நம்மால் ஆகும் என்ற தைரியம்தான் இல்லை.

முதல் நன்றி செவிலியர் அம்மாவுக்கு. வாராவாரம் என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று எங்கள் வாயாலேயே சொல்ல வைத்தீர்கள். கூடவே, “செய்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை?” என்று ஒரு கேள்வி. ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டவில்லை, திட்டத்தைச் சின்னதாக்கினீர்கள். தினம் அரை மணி நேர நடை, வாரத்தில் மூன்று நாள் பத்து நிமிடமாகச் சுருங்கியது. இதெல்லாம் ஒரு நடையா என்று சிலர் முணுமுணுத்தது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் எல்லோர் முன்னாலும் “செய்துவிட்டேன்” என்று சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இந்த வகுப்பு முறை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் குழுவினர் உருவாக்கியது என்றீர்கள். ‘என்னால் முடியும்’ என்ற எண்ணமே ஒருவர் என்ன செய்வார், எவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியதுதான் இதற்கு அடிப்படையாம். சின்ன வெற்றி ஒன்றைச் சொந்தமாகப் பெறுவதும், நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பதும் அந்த எண்ணத்தை வளர்க்கும் என்றாராம்.

அதனால்தானோ என்னவோ, கூடவே பாடம் எடுத்த மூத்த நோயாளிகள் இருவரை மறக்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் இன்சுலின் ஊசியைத் தானே எங்கள் கண்ணெதிரில் போட்டுக்கொண்டதும் பாதி பயம் போய்விட்டது. படபடப்பும் வியர்வையும் வந்தால் உடனே சுகர் பார்க்க வேண்டும், 70க்குக் கீழே இருந்தால் அது லோ சுகர், 15 கிராம் சர்க்கரை சாப்பிட வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்று கற்றுக்கொண்டோம். லோ சுகர் வந்தால் என்ன செய்வது என்று இப்போது வீட்டில் உள்ளவர்களுக்கும் நாங்களே சொல்லித்தருகிறோம்.

மருந்தாளுநர் ஐயா, “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும். “நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்கணும், நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்” என்று பழியை உங்கள் மேலேயே போட்டுக்கொண்டீர்கள். பெரிய மனசு. மாத்திரை வேளை மாறாமல் போவது அதனால்தான்.

கேள்விகளை எழுதிக்கொண்டு வரச் சொல்லி, அந்தச் சீட்டைப் பொறுமையாக வாங்கிப் படித்த மருத்துவருக்கும் நன்றி.

அப்புறம், அடுத்த குழுவுக்குப் பாடம் எடுக்க ஆள் தேவை என்றீர்கள். எங்களில் இருவர் தயார். பயிற்சி எப்போது என்று மட்டும் சொல்லுங்கள்.