இரவல் பகுதியை வாரம் ஒரு மணி நேரம் மூடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஒக்ரோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பிரதேச சபை நூலகங்களில் கட்டுரைப் போட்டி, கண்காட்சி, பரிசளிப்பு எல்லாம் நடக்கும். அங்கே புத்தகம் கொடுத்து வாங்கும் பணியாளருக்கோ பயிற்சி என்ற பெயரில் வாய்ப்பது பெரும்பாலும் ஒரு நாள் செயலமர்வு. மங்கல விளக்கு, இரண்டு விரிவுரை, மதியச் சாப்பாடு, சான்றிதழ். மறுநாள் கணினிக்கு முன் இருந்தால் முதல் பதிவிலேயே கை நின்றுவிடும்.

முறையாகப் படிக்க வழி இல்லாமல் இல்லை. இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைத் தமிழிலும் படிக்கலாம். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனம் ஆகியனவும் பாடநெறிகள் நடத்துகின்றன. படித்ததைத் தன் நூலகத்துப் புத்தகத்தில், தன் மேசையில் பழக நேரம் ஒதுக்கப்படாததுதான் குறை.

தமிழ் நூல்களைக் கணினியில் பட்டியலாக்குவதை எடுத்துக்கொள்வோம். ஆங்கில விசைகளுக்குத் தமிழ் வடிவம் மாட்டிய பாமினி என்ற பழைய எழுத்துருவில் பதிந்த பட்டியலை அப்படியே கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றுகிறார்கள். நம் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை. தேடினால் எதுவும் வராது. முதலில், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யுனிகோடு முறைக்கு மாற்றி, நூறு பதிவுகளையாவது புத்தகத்தைக் கையில் வைத்துச் சரிபார்த்த பிறகே ஏற்ற வேண்டும். யுனிகோடிலும் பொறி உண்டு. ஔவையாரின் ‘ஔ’ ஒரே எழுத்து. பலர் ‘ஒ’வையும் ‘ள’வையும் தனித்தனியே தட்டுகிறார்கள். திரையில் வித்தியாசம் தெரிவதே அரிது, ஆனால் அலுமாரியில் இருக்கும் நூல் தேடலில் ‘இல்லை’ என்று வரும். ‘ஸ்ரீ’யும் அப்படியே: ‘ஸ’வில் தொடங்கியும் உள்ளிடலாம், ‘ஶ’வில் தொடங்கியும் உள்ளிடலாம், வடிவம் ஒன்று, குறியீடு இரண்டு. ஆங்கிலக் கைநூல்களில் இதற்கெல்லாம் பதில் தேடிப் பயனில்லை.

பகுப்பாக்கத்திலும் சிக்கல் உண்டு. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் தமிழ்ப் புனைகதை பெரும்பாலும் 894.8113 என்ற ஒரே எண்ணில் வந்து குவியும். அதன்பின் அலுமாரியில் வழிகாட்டுவது ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகள்தான். தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்பதா, புனைபெயரை எடுப்பதா, இயற்பெயரை எடுப்பதா? எதையாவது ஒன்றைத் தீர்மானித்து, ஒரு பக்கத் தாளில் எழுதி, விசைப்பலகைக்கு மேலே ஒட்டிவிட வேண்டும். காலையில் இருப்பவர் ஒரு விதமாகவும் மாலையில் இருப்பவர் வேறு விதமாகவும் பதிந்தால் ஒரே எழுத்தாளரின் நூல்கள் மூன்று தட்டுகளில் சிதறிக் கிடக்கும்.

ஆகவே வாரத்தில் வாசகர் குறைந்த ஒரு வேளையில் இரவல் பகுதியை மட்டும் ஒரு மணி நேரம் மூடலாம். பத்திரிகைப் பகுதி திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் முறைப்பாடு வரும். ஒரு மாதம் முன்பே அறிவித்தல் ஒட்டினால் போதும். ஒவ்வொருவரும் பத்து நூல்களைப் பதிந்து, கொப்பியை மாற்றிக்கொண்டு, மற்றவரின் பிழைகளைக் குறிக்க வேண்டும். பிழைகளும் எடுத்த முடிவுகளும் ஒரு சீ.ஆர். கொப்பியில் ஏற வேண்டும். பணியாளர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் கொப்பி அங்கேயே இருக்கும். தலைப்புப் பக்கம் கிழிந்த யாழ்ப்பாணப் பதிப்புகளின் ஆண்டையும் அச்சகத்தையும் ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனத்தின் இணைய நூலகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்கலாம். நூலகப் பணியாளருக்கான வெப்ஜங்ஷன் இணையத்தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, ஆனால் ஆங்கிலத்தில். ஆங்கிலம் வாசிக்கக்கூடிய ஒருவர் பார்த்து, அரைப் பக்கத் தமிழ்க் குறிப்பாக்கினால் எல்லோருக்கும் உதவும்.

மாரிக்கு முன் ஒரு வாரத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அதை அளக்கும் சிறு கருவி விலை கூடியதல்ல. நனைந்த நூலை 48 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் தப்புவது கடினம். வெயிலில் போட்டால் தாள் சுருண்டுவிடும். மின்விசிறிக் காற்றில் வைத்து, இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாள் செருகி, தாள் ஈரமாக ஈரமாக மாற்ற வேண்டும். பளபளப்புத் தாள் நூல்களுக்குப் பக்கத்துக்குப் பக்கம் செருக வேண்டும், செருகாமல் காய்ந்தால் ஒட்டிக் கல்லாகிவிடும். கிழிந்த தாளுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் நாடா உரிந்துவிடும், மஞ்சள் பசை மட்டும் தாளில் ஊறி நிற்கும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தீயில் போனதை ஒவ்வொரு மேடையிலும் நினைவுகூர்கிறோம். கறையானுக்கும் செலோடேப்புக்கும் நாளாந்தம் போவதைப் பேசுவதில்லை.

பொது நூலகம் பற்றிய யுனெஸ்கோவின் 1994 ஆம் ஆண்டுப் பிரகடனமே நூலகரின் தொடர்கல்வியைத் தவிர்க்கமுடியாதது என்கிறது. உள்ளூராட்சி மன்றங்கள் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும்போது ‘நூலகப் பணியாளர் பயிற்சி’ என்று தனித் தலைப்பு இடவேண்டும். பயிற்றுநரின் பயணச் செலவு, ஈரப்பதன் கருவி, வெள்ளைத்தாள் கட்டுகள், கொப்பி: தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். இதை வாசிப்பு மாதச் செலவுக்குள் மட்டும் சேர்க்க வேண்டாம், அது பரிசுக் கேடயத்துக்கே போய்விடும்.

இப்படிக்கு,
நூலகத் துறை வாசகர்,
யாழ்ப்பாணம்.