'மற்றவை' கட்டத்தில் டிக் அடித்தவனின் அக்கா எழுதும் மடல்

நாட்டில் இதய நோய் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குகிற, மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கிற பெரியவர்களுக்கு,

வணக்கம். கரூரிலிருந்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எண்களோடுதான் பிழைப்பு. இந்த மடலும் ஒரு எண்ணைப் பற்றியதுதான்: 2.8.

என் தம்பிக்கு வயது 44. போன வருடம் ஒரு மருத்துவமனை, ஆடித் தள்ளுபடி மாதிரி, கணவன் மனைவிக்குச் சேர்த்து மாஸ்டர் செக்கப் சலுகை அறிவித்தது. போனான். வழவழப்பான ஃபைலில் ரிப்போர்ட் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் பச்சைக் கட்டம் போட்டு, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வர வாய்ப்பு 2.8 சதவீதம், குறைந்த அபாயம் என்று அச்சடித்திருந்தது.

எங்கள் அப்பா 51 வயதில் தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கு ஏப்பம் வந்தாலும் எனக்குப் பக்கென்று இருக்கும். தம்பி அந்த ஃபைலை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "பாத்தியாக்கா? நூத்துல மூணு பேருக்குக்கூட வராதாம். இனியாவது சும்மா இரு" என்றான்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு நெஞ்செரிச்சல். கேஸ் என்று முடிவு கட்டி முதலில் சோடா, அப்புறம் ஜெலுசில், அப்புறம் ஓமத் தண்ணீர். தாடை வலிக்கிறது என்று சொன்னதும் அவன் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றிருக்கிறாள். அவன் எழுந்து போய் பீரோவைத் திறந்து அந்த ஃபைலை எடுத்துக் காட்டியிருக்கிறான். வேர்த்து ஊற்றுகிற மனிதன், பச்சைக் கட்டத்தில் விரலை வைத்துப் பெண்டாட்டியைச் சமாதானப்படுத்தியிருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனைப் படுக்க வைத்தபோது மணி பத்து.

இதயத்தின் முன்பக்கத்து ரத்தக்குழாயில் முழு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் எக்கோவில் பம்பிங் 35 சதவீதம். இப்போது மாடிப்படியில் ஆறாவது படிக்கு வந்ததும் நிற்பான். மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க, போனை எடுத்துப் பார்ப்பது போல் நடிப்பான். நாங்களும் நம்புவது போல் நடிக்கிறோம்.

அந்த 2.8 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 2013-இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட சூத்திரம் அது. வயது, கொழுப்பு, பிபி, சர்க்கரை, புகைப் பழக்கம் எல்லாம் கேட்கும். இனம் என்ன என்றும் கேட்கும். அதற்கு மூன்றே கட்டங்கள்: வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், மற்றவை. 'மற்றவை' என்றால் வெள்ளையருக்கான கணக்கே ஓடும். ஆக, தம்பியின் ரத்தத்தை எடுத்து யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு ஜோசியம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா 51 வயதில் போனதைச் சொல்ல அதில் இடமே இல்லை. நாற்பது ஆகாதவர்களுக்கு இந்தப் பத்து வருடக் கணக்கே கிடையாது.

சூத்திரம் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. தெற்காசிய வம்சாவளி என்றாலோ, அப்பாவுக்கோ உடன்பிறந்தானுக்கோ 55 வயதுக்கு முன் இதய நோய் வந்திருந்தாலோ அபாயத்தைக் கூட்டியே பாருங்கள் என்று 2018 வழிகாட்டுதலில் அவர்களே எழுதிவிட்டார்கள். எண் கடல் தாண்டி வந்துவிட்டது. எச்சரிக்கை வந்து சேரவில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. மற்ற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சுமார் 59 வயதில் வந்தால் தெற்காசியர்களுக்கு 53-இலேயே வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த ஆய்வு சொல்லி எத்தனையோ வருடமாகிறது. பிரிட்டனில் 2008-இலேயே அபாயக் கணக்கில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனிக் கட்டம் வைத்துவிட்டார்கள். இப்போது அங்கே 25 வயதிலிருந்தே கணக்குப் போடலாம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பக்கம் குடியேறிய தெற்காசியர்களை 2010 முதல் பின்தொடர்கிறார்கள். நம் ஆளுக்கு நெஞ்சுவலி எப்போது வரும் என்று தெரிய, அவன் முதலில் விசா வாங்க வேண்டும் போலிருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2019-இல் நம் மண்டலத்துக்கென்று அட்டவணை தந்தது உண்மைதான். அதன் அடித்தளமும் பெரும்பாலும் பணக்கார நாட்டு மக்களின் தரவு. அளவெடுத்தது வேறொருவருக்கு, நமக்குப் பிடித்துத் தைத்த சட்டை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நம் மக்களை, நகரம் கிராமம் இரண்டிலும், வருடக்கணக்கில் பின்தொடர்ந்து நம் கணக்கை நாமே போட வேண்டும்.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். 50 நகரங்களில் 20,468 இதய நோயாளிகளின் விவரத்தைத் திரட்டி 2008-இல் ஆய்வு வெளியிட்டவர்கள் நம் ஆட்கள்தான். வலி தொடங்கி ஆஸ்பத்திரி சேர ஆகும் இடைநிலை நேரம் 360 நிமிடம், அதாவது பாதிப் பேர் அதற்கும் மேல் தாமதமாகத்தான் சேர்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. தம்பிக்கு 330. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5 என்றும் அதே ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-இலிருந்து வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை பார்க்கிறார்கள். அந்த எண்களையும், அப்புறம் யாருக்கு அட்டாக் வந்தது என்பதையும் முறையாக இணைத்தாலே பாதிக் கிணறு தாண்டலாம்.

ஆனால் செத்தவர் எதனால் செத்தார் என்றே நாம் எழுதுவதில்லை. 2020-இல் நாட்டில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தது 22.5 சதவீதம்தான். அப்பாவின் மரணமும் அந்த மிச்சத்தில் கிடக்கும் ரகம். வருடா வருடம் செப்டம்பர் 29, உலக இதய தினம் வந்தால் மட்டும் சிவப்பு டீ-ஷர்ட், விடியற்காலை நடைப்பயணம், ரிப்பன், பலூன், மறுநாள் பேப்பரில் போட்டோ. அந்த டீ-ஷர்ட் காசை என்னிடம் கொடுத்தால் ஒரு தாலுகாவுக்குக் கணக்கு நானே எழுதித் தருவேன்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். 2017-இல் மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று அரசு உச்சவிலை வைத்தது; தம்பி விஷயத்தில் அதன் அருமை எங்களுக்குத் தெரிந்தது. மனம் வைத்தால் உங்களால் முடியும் என்பதால்தான் கேட்கிறேன்: நம் மக்களைப் பின்தொடருங்கள், நம் கணக்கைப் போடுங்கள். அதுவரைக்கும், இரவல் சூத்திரத்தில் அச்சடிக்கிற ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும், 'இது இந்தியரை வைத்துப் போட்ட கணக்கல்ல. குடும்பத்தில் இதய நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லவும். நெஞ்சு வலித்தால் இந்தத் தாளை நம்பிக் காத்திருக்க வேண்டாம்' என்று தமிழிலும் மற்ற மொழிகளிலும் போடச் சொல்லி ஓர் உத்தரவாவது பிறப்பிக்கப் பணிவோடு வேண்டுகிறேன்.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற சின்ன ஊரில் 1948-இல் 5,209 பேரைப் பின்தொடரத் தொடங்கி, மாரடைப்புக்கான அபாயக் காரணிகள் என்னென்ன என்று 1961-இல் எழுதினார்கள். பதின்மூன்று வருடம். தம்பி மகனுக்கு இப்போது 17. நீங்கள் இந்த வருடம் ஆரம்பித்தால் அவனுக்கு முப்பதாகும்போது கையில் ஏதாவது இருக்கும்.

இப்படிக்கு,
கரூரிலிருந்து ஓர் அக்கா