தலைக்குள்ளேயே ஒரு நாவல்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் நலம். மழை நன்றாகப் பெய்து கிணறு நிரம்பியிருக்கிறது.

"இந்த வயசுக்கு மேல் எங்கே நாவல் எழுதுவது" என்று கேட்டிருந்தாய். படித்ததும் எட்வர்ட் பி. ஜோன்ஸ் ஞாபகம்தான் வந்தது. 1950இல் வாஷிங்டனில் பிறந்த கறுப்பின எழுத்தாளர். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, பாத்திரம் கழுவிப் பிள்ளைகளை வளர்த்தார். 18 வயதுக்குள் 18 வீடு மாறினார்களாம்.

1992இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் ஒரு கதை. அம்மா மகளைப் பள்ளியில் சேர்க்கப் போகிறாள். படிவத்தை நிரப்பத் தெரியவில்லை. பக்கத்தில் நிற்கும் ஒரு பெண்ணிடம், எனக்குப் படிக்கத் தெரியாது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறாள். அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவே இல்லை; மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்புப் பிள்ளைகளின் அத்தனை சத்தத்தையும் தாண்டி, திரும்பிப் போகும் அம்மாவின் காலடி மகளுக்குக் கேட்கிறது. நம் வீட்டுப் பெரியம்மா, அத்தை எல்லோரும் கைநாட்டு வைத்தவர்கள்தானே, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் பத்து வருடம் புத்தகமே இல்லை. வரி விவகாரங்களுக்கான ஒரு பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டே, அடிமைகளை வைத்திருந்த ஒரு கறுப்பினப் பண்ணையாரின் கதையைத் தலைக்குள்ளேயே வளர்த்தார். காகிதத்தில் ஏறியது ஒரு டஜன் பக்கம்தான். ஆராய்ச்சிக்கென்று வாங்கிய புத்தகங்களையும் படிக்கவில்லை. வர்ஜீனியாவில் இல்லாத ஒரு மாவட்டத்தை உருவாக்கி, அதற்கு மக்கள்தொகைக் கணக்கும் தானே எழுதினார். கடைசியில் விடுமுறை போட்டு உட்கார்ந்தபோது வேலை போய்விட்டது. நாவல் சில மாதங்களில் முடிந்தது. 'த நோன் வேர்ல்ட்', 2003; அடுத்த வருடம் அமெரிக்காவின் பெரிய விருதான புலிட்சர் பரிசு. அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. இன்னும் நல்ல உலகமாக இருந்தால் எவ்வளவோ செய்திருக்கக்கூடிய அம்மா என்று சொல்லி, அதைத் தாயின் நினைவுக்கும் சமர்ப்பித்தார்.

2006இல் இன்னொரு தொகுப்பு. அதிலுள்ள 14 கதைகளும் முதல் தொகுப்பின் 14 கதைகளோடு ஒவ்வொன்றாக இழை பின்னியவை. மொத்தமே மூன்று புத்தகம், சண்முகம். அந்த மூன்றும் எனக்குப் போதும்.

நீ எழுத நினைக்கும் தறிக்காரக் குடும்பத்தின் கதையில் பெரியவர் தறியை விற்கும் இடம்வரை சொல்லியிருக்கிறாய். பணத்தை யாரிடம் கொடுக்கிறார்? அடுத்த கடிதத்தில் அதை எழுது.

அன்புடன்,
வேலாயுதம்