எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் ஐந்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களைப் பார்த்தேன். ஒரு தாளில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. 'நீராவி' என்று எழுதப் பார்த்து, அழித்து அழித்து, அந்த இடத்தில் தாளே கிழிந்திருந்தது. அந்த மாணவனைக் கூப்பிட்டு, "மழை எப்படிப்பா வருது?" என்று கேட்டேன். கடல்நீர் ஆவியாவதில் தொடங்கி மேகம் குளிர்வது வரை மளமளவென்று சொன்னான். பதில் அவனிடம் முழுசாக இருந்தது. தாளுக்குத்தான் வரவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சோம்பேறி, விளையாட்டுப் புத்தி என்று நாம் சுலபமாகப் பெயர் வைத்துவிடுகிறோம். இவர்களில் சிலருக்கு இருப்பது டிஸ்லெக்சியா. அது அறிவுக் குறைவு இல்லை. எழுத்தையும் அதன் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமம் அது. பரம்பரையாகவும் வரும். "நானும் சின்ன வயதில் இப்படித்தானே இருந்தேன்" என்று உங்களில் சிலருக்கே தோன்றலாம். 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். தன் பெயரையே பிழையாக எழுதிய அவன், 749-ஐ 867-ஆல் சட்டென்று சரியாகப் பெருக்கினான். பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர்.

ஒரு வரியில் சரியாக வாசித்த சொல்லில் அடுத்த வரியிலேயே தடுமாறுவது, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பது, வரி தாவுவது, வாசிக்கச் சொன்னாலே வயிறு வலிக்கிறது என்பது, இவை மாதக்கணக்கில் நீடித்தால் எங்களிடம் சொல்லுங்கள். ண, ன குழப்பம் எல்லாருக்கும் வரும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் முறையான மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யலாம். கணக்கில் மட்டும் திணறும் பிள்ளைகளுக்கும் இப்படி மதிப்பீடு செய்யலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை, இருபது முறை எழுத வைக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி இம்போசிஷன் கொடுத்தவன்தான். இருபது முறையும் ஒரே தப்போடு எழுதிக்கொண்டு வந்து நின்ற ஒரு சிறுமியின் முகம் இன்னும் மனதில் இருக்கிறது. தப்பைத்தான் நான் அவளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

அதற்குப் பதில், தினமும் பதினைந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் ஒரு வரி வாசியுங்கள், பிறகு அதே வரியைச் சேர்ந்து வாசியுங்கள். சொல்லைக் கைதட்டிப் பிரித்துச் சொல்லட்டும், ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலிலோ மாவிலோ விரலால் எழுதட்டும். களைத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டுவதும் ஒலிப்பதிவாகக் கேட்க வைப்பதும் ஏமாற்று வேலை இல்லை. வாசிப்பு மெதுவாக வரட்டும், அதற்காக அறிவியலும் வரலாறும் ஏன் காத்திருக்க வேண்டும்?

இந்தப் பிள்ளைகளை வகுப்பில் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை என்று ஆசிரியர்கள் கூடி முடிவெடுத்திருக்கிறோம். கரும்பலகையில் இருப்பதை அச்செடுத்துக் கொடுப்போம். தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. அறிவியல், சமூக அறிவியல் தாள்களில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம். தேவைப்பட்டால் வாய்மொழியாகவும் கேட்போம்.

சனிக்கிழமை காலை முழுவதும் என் அறையில் இருப்பேன். வரும்போது மதிப்பெண் அட்டை வேண்டாம். உங்கள் பிள்ளை எதையாவது வரைந்திருந்தால், செய்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்